சுற்றுச்சூழல் அறிவியல்: நம் பிள்ளைகள் கற்க வேண்டிய கல்வி



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தவுடன் நம் இல்லங்களில் மருத்துவம், பொறியியல், வணிகவியல் ஆகிய மூன்றே பேசப்படுகின்றன. பாலாற்றங்கரையில் வாழும் நாம் நான்காவதாகச் சுற்றுச்சூழல் அறிவியலையும் பேசியாக வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நம்மில் பலருக்குச் சோறு போட்டது தோல் தொழில். அதன் கழிவுநீரே நிலத்தடி நீரையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு நேருமுன் தடுத்தல், மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் என்னும் இரு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என அது அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. இடையில் கழிந்தவை 28 ஆண்டுகள். தீர்ப்பு மட்டுமே நீரைத் தூய்மையாக்கிவிடாது. அதைச் செய்யத் தெரிந்தவர்களும் வேண்டும்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறோம். ஊறவைக்கும்போது அவ்வுப்பு நீரில் கரைகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு கரிமக் கழிவைக் குறைக்குமேயன்றி உப்பை நீக்காது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையும், எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கும் ஏற்பாடும் தேவை. குரோமியத்தையோ பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஒரு குடம் நீரைப் புரிந்துகொள்ளவே வேதியியல், நுண்ணுயிரியல், நிலவியல், புள்ளியியல், சட்டம் அனைத்தும் வேண்டியுள்ளன. இவற்றை ஒருங்கே கற்பிப்பதே இத்துறை.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற இளநிலைப் பட்டம் பெற்றோர் முதுநிலையில் இதைத் தேர்ந்து பயிலலாம். சுத்திகரிப்பு நிலையங்கள், ஆய்வகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப் பணிக்களங்களும் உண்டு.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987) நம் சமுதாயத்தில் பிறந்தவர். முறையான பட்டம் இல்லாமையால் அரசு விலங்கியல் ஆய்வுத்துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. பின்னர் பெர்லின் சென்று பயின்று திரும்பினார். இன்று கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையமே இயங்குகிறது. ஆர்வத்தோடு முறையான பயிற்சியும் சேரவேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

தொழிலும் வேண்டும், நீரும் வேண்டும் என்பவர்கள் நாம். இவ்விரண்டின் அருமையையும் வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிள்ளைகளே இவற்றை இணைத்துக் காக்க வல்லவர்கள். ஆண், பெண் இருபாலரையும் இக்கல்விக்கு அனுப்ப முன்வருமாறு பெற்றோர்களை வேண்டி அமைகிறோம்.