வாகைகுளம் விமான நிலையம் செங்கோட்டைக்கும்தான்!

(செங்கோட்டை தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1935-ல் டாடாவின் சின்ன விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அன்னைக்கு அதுதான் நமக்கும் தலைநகர். ஏன்னா, செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் நாம தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். எல்லை மாறிச்சு. ஆனா வெளிநாடு போறவங்க இன்னைக்கும் புளியரை வளைவுகளைத் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியா அங்கேதான் போறாங்க.

சரி, நம்ம பக்கத்துக் கதை என்ன?

தூத்துக்குடி வாகைகுளத்தில் 1992-ல் விமான நிலையம் திறந்தாங்க. சேவை தொடர்ந்து நடக்கல. 2006-ல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் சென்னைக்கு மறுபடி விமானம் பறந்தது. ஓடுதளம் 1,351 மீட்டர்தான். பெரிய விமானம் இறங்கி நிற்கவும், வேகமெடுத்து எழும்பவும் அந்த நீளம் போதாது. அதனால ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்கள் மட்டுமே வந்தன. ஒரு விமானத்துக்கு எழுபது பேர்கிட்ட தான் ஏற முடியும்.

இன்னைக்கு நிலைமை வேற. ஓடுதளம் 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கட்டிய புது முனையத்தை 2025 ஜூலை 26-ல் பிரதமர் திறந்து வைத்தார். 17,340 சதுர மீட்டர் பரப்பு. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளலாம். ஏ-321 ரக விமானம் இறங்கலாம், இரவிலும் இறங்கலாம். இதுக்காக நிலம் கொடுத்த விவசாயிகளை நாம மறக்கக் கூடாது.

யார் கட்டினது என்ற சண்டை நமக்கு வேண்டாம். நாம கேட்கிறது மூணே மூணு.

✅ வாகைகுளத்தில் இருந்து துபாய், ஷார்ஜா, சிங்கப்பூருக்கு நேரடி விமானம்.

✅ விமான நேரத்துக்குப் பொருந்துற மாதிரி செங்கோட்டை–தென்காசி–நெல்லை–வாகைகுளம் அரசுப் பேருந்து.

✅ குற்றால சீசனில் கூடுதல் விமானங்கள்.

செங்கோட்டையில் இருந்து திருவனந்தபுரமும் வாகைகுளமும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 100 கிலோமீட்டர். ஒரு வழி மலை, இன்னொரு வழி சமவெளி. ரெண்டு வருஷம் கழிச்சு லீவுல வர்ற பிள்ளையை அழைக்க, நடுராத்திரியில் மழையில் மலைப்பாதையில் வேன் பிடிச்சுப் போற அம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஓடுதளம் நீண்டுவிட்டது. அதன் பலன் மலையடிவாரம் வரைக்கும் நீளணும்.

உங்க வீட்டில் யார் எந்த நாட்டில் இருக்காங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை வந்து போறாங்கன்னு கீழே எழுதுங்க. கோரிக்கை மனுவோட அதையும் சேர்த்துக் கொடுப்போம்.