வானத்தில் ஆயுதம் வேண்டுமா?

 

நமது நிந்தவூர்க் கரையில் மோதும் வங்காள விரிகுடாவின் வடமேற்கே, ஒடிசாக் கரையோரம் ஒரு தீவு உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்த அறிஞர் அப்துல் கலாமின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. 2019 மார்ச் 27 அன்று அங்கிருந்து எழுந்த ஏவுகணை, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிய இந்தியாவின் சொந்தச் செய்மதியையே தகர்த்தது. தாழ்ந்த உயரம் என்பதால் சிதறல்களிற் பெரும்பாலானவை விரைவில் விழுந்து எரிந்தன. 2007இல் சீனா தனது பழைய வானிலைச் செய்மதியொன்றை 800 கிலோமீற்றருக்கும் மேலே உடைத்தது. அதன் துண்டுகள் பல இன்றும் சுற்றுகின்றன.

தன்னைக் காக்க ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா என வாலிபர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விநாடிக்கு ஏழு கிலோமீற்றர் வேகத்தில் பாயும் இரும்புத் துண்டுக்குப் பகைவன் யார், அயலான் யார் எனத் தெரியுமா? புயலைப் பார்த்துச் சொல்லும் செய்மதிகள் சிலவும் அதே உயரத்திற்றான் சுற்றுகின்றன. முன்னெச்சரிக்கையின் பெறுமதியை, 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட நம் பெரியவர்களிடம் கேளுங்கள். பாதையிற் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் கிளை எனக் கற்றவர்கள் நாம். வான்பாதையில் முள் விதைப்பதை எப்படி மெச்சுவது?

சிறிய நாடு என்ன செய்யும் என எண்ணாதீர்கள். விண்வெளி ஆயுதப் போட்டியைத் தடுக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையிற் பல்லாண்டுகளாக முன்வைத்து வந்தவை எகிப்தும் நமது இலங்கையுமே. 1967ஆம் ஆண்டின் உடன்படிக்கை, பூமியைச் சுற்றும் பாதையில் அணுவாயுதம் போன்ற பேரழிவு ஆயுதங்களை நிறுத்துவதையே தடுக்கின்றது. ஏனைய ஆயுதங்களுக்கு அங்கே கதவு இன்னும் திறந்தே கிடக்கின்றது.