மாதவிடாய் நின்றபின் மாதர் தேக நலம்



மாதவிடாய் நின்றதும் ‘இனி உபத்திரவமில்லை’ என்று நம் இல்லங்களில் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆயினும், அப்போதுதான் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குன்றி, கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் சந்தடியின்றிப் பின்தொடர்கின்றன. வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேற்படின் உடனே சோதித்தல் நன்று.

நமது கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியிலேதான் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. மருந்து வாசற்படிக்கே வந்தாலும், சோதனைக்குக் கை நீட்டவேண்டியவள் தாயே. ஓசூர் ஆலைக்குச் செல்லும் மகனுக்காக விடியுமுன் கேழ்வரகுக் களி கிண்டுபவள் தன் சுகத்தைக் கடைசியில் வைத்தல் தகுமோ?

தினம் அரைமணி யோகாசனமும் மூச்சுப்பயிற்சியும் சர்க்கரையைச் சிறிது தணிப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எனினும் அவை மருந்துக்கு ஈடாகா. எலும்பு மெலிந்தோர் முதுகு வளைத்துக் குனியும் ஆசனங்களைத் தவிர்ப்பாராக.

அந்த அரைமணியை அவர்களுக்கு ஒழித்துக் கொடுப்பது ஆடவராகிய நம் கடமையாம்.