இரத்தப் புற்றுநோயில் குரோமோசோம் பிறழ்வும் சூழலும்: கருத்தரங்கத் தலைமை உரை

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறுத்த ஒரு குரோமோசோம் இருப்பதை 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் கண்டறிந்தனர். அது சிறுத்த காரணத்தை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி விளக்கினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் உருவாகும் பிறழ்ந்த புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடைப்பு நோயாகும் வழி இவ்வளவு துலங்கியும், உடைத்தது எது என்ற கேள்வி பெரும்பாலான நோயாளிகளிடம் விடையின்றியே நிற்கிறது.

ஐயமற நிறுவப்பட்ட காரணங்களுள் கதிர்வீச்சு ஒன்று. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடையே குண்டுவீச்சுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே இரத்தப் புற்றுநோய் பெருகியது; குழந்தைகளாக இருந்தவர்களையே அது மிகுதியாகத் தாக்கியது.

மற்றொரு காரணமான பென்சீனின் வரலாறு தொழிலாளர்களின் வரலாறு. பென்சீன் கலந்த பசையைக் காற்றோட்டமற்ற சிறு பட்டறைகளில் கையாண்ட இஸ்தான்புல் காலணித் தொழிலாளர்களிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை முசாஃபர் அக்சோய் 1970களில் பதிவு செய்தார். மூச்சோடு உட்செல்லும் பென்சீன் கல்லீரலில் ஃபீனால், ஹைட்ரோகுயினோன் போன்றவையாக மாறுகிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள நொதிகள் அவற்றை மேலும் வினைமிகு குயினோன்களாக்குகின்றன. டி.என்.ஏ. இழைகளை வெட்டி மீண்டும் இணைக்கும் டோபோஐசோமரேஸ் 2 நொதியின் வேலை இவற்றால் குலைகிறது. வெட்டியவை சேராமல் போகலாம், தவறாகச் சேரவும் கூடும். பென்சீனுக்கு ஆட்பட்டோரிடம் 5, 7ஆம் குரோமோசோம்களின் இழப்பு குறிப்பாகக் கவனிக்கப்பட்டுள்ளது.

இதே தடயத்தைப் புற்றுநோய் மருந்துகளும் விட்டுச்செல்கின்றன. மருந்தின் அளவும் கொடுத்த நாளும் ஏட்டில் இருப்பதால், இத்துறையில் கிடைக்கும் சான்றுகளுள் இதுவே மிகத் தெளிவானது எனலாம். மெல்ஃபலான் போன்ற மருந்துகளுக்குப் பின், பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளில், 5, 7ஆம் குரோமோசோம்கள் குறைபட்ட இரத்தப் புற்றுநோய் தோன்றக்கூடும். எட்டோபோசைடு டோபோஐசோமரேஸ் 2ஐத் தாக்கும் மருந்து. அதன் பின்விளைவு இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே வரலாம். அப்போது உடைவது பெரும்பாலும் 11ஆம் குரோமோசோமின் நீண்ட கை. பச்சிளங்குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலும் பெரும்பாலும் இதே இடம்தான் உடைந்திருக்கிறது. அந்த உடைப்பு கருவிலேயே நேர்வது உறுதியாகியுள்ளது. தாயின் உடலில் சேர்ந்த பொருள் எதுவும் காரணமா என்பது ஆய்வுக்குரியது.

ஆனால் தடயத்தை மட்டும் கொண்டு குற்றவாளியைச் சுட்ட முடியாது. எந்த நச்சுக்கும் ஆட்படாத முதியவர்களிடமும் 7ஆம் குரோமோசோம் இழப்பு காணப்படுகிறது. நோவெல் கண்ட பிறழ்வுக்குரிய இணைவு மரபணு, நலமாக உள்ள சிலரின் இரத்தத்திலும் மிகச் சிறிய அளவில் அகப்பட்டுள்ளது. செல் பிரியும்போது தானாக நேரும் பிழையும் உடைப்பைத் தரும். உடைந்த செல் எல்லாமே நோயாக வளர்வதும் இல்லை.

ஆகவே குரோமோசோம் அறிக்கையோடு நோயாளியின் வாழ்க்கை வரலாறும் சேர வேண்டும். மருத்துவமனைக் குறிப்பேட்டில் தொழில் என்ற இடத்தில் எழுதப்படும் 'கூலி' என்ற ஒற்றைச் சொல் எந்த ஆய்வுக்கும் உதவாது. பெட்ரோல் பங்கிலா, பெயின்ட் பட்டறையிலா, காலணிக்குப் பசை தடவும் இடத்திலா, எத்தனை ஆண்டு, கதவு திறந்திருந்ததா, புகைபிடிப்பவரா, முன்பு கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெற்றவரா என்பவை முதல் நாளிலேயே கேட்டு எழுதப்பட வேண்டியவை.