கூடத்திலே ஒரு கம்ப்யூட்டர்

(புசா ரோட்டில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

டி.வி.யோடு இணைக்கும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், வாசலிலேயே ஒரு மாமி, "இப்போ டி.வி.யிலேயே எல்லாம் வந்துடறதே, தனியா கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சினிமாவும் சீரியலும் பார்க்க மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். செலவு மிச்சம்.

2002-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மீடியா சென்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது நிலைமை வேறு. அன்றைய டி.வி.க்குச் சொந்த புத்தி கிடையாது. பாட்டு, போட்டோ, டி.வி.டி. எல்லாவற்றையும் சோபாவில் உட்கார்ந்தபடி ஒரே ரிமோட்டில் பார்க்கக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. 2015-ல் விண்டோஸ் 10 வந்ததும் அதைக் கைவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்.பி.எம்.சி. பிழைத்துக்கொண்டது. 2014-ல் அதற்குக் 'கோடி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்தான் கோடி, விலை ஒன்றும் இல்லை.

இன்று இந்த ஏற்பாடு எதற்கு என்றால், நம் அகத்து அலமாரிக்காக. 1980, 90-களில் நடந்த கல்யாணம், பூணூல், சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் வி.எச்.எஸ். கேஸட்டில் தூங்குகின்றன. நலங்கில் பாட்டி பாடியதும், ஊஞ்சலில் அத்தைகள் சேர்ந்து பாடியதும் எந்தக் கம்பெனி சந்தா கட்டினாலும் கிடைக்காது. அதெல்லாம் உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. டேப்பின் காந்தப் பூச்சு வருஷத்துக்கு வருஷம் பலவீனப்படும். டெல்லி மழைக்கால ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் அந்தக் கேஸட்டை வி.சி.ஆரில் போடாதீர்கள், அடுத்த கேஸட்டுக்கும் தொற்றும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அவசரம் டேப்பால் மட்டும் இல்லை. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் பழையதுதான். ஓடுகிற வி.சி.ஆர். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். நமக்குள் சுற்றுக்கு விடலாம்.

வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். வி.சி.ஆருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு சின்னக் கருவி. நேரு ப்ளேஸில் கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரக் கேஸட் ஏற மூன்று மணி நேரமே ஆகும், குறுக்கு வழி கிடையாது. பதிவு 720-க்கு 576 அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் பெரிதாக்கினால் இல்லாத தெளிவு வந்துவிடாது. மணிக்கு சுமார் 2 ஜி.பி. என்று வைத்தால் ஒரு கல்யாணம் 6 ஜி.பி.; ஒரு டி.பி. டிஸ்கில் நூற்றைம்பது கல்யாணம் அடங்கும். அத்தனை கல்யாணம் எந்தக் குடும்பத்தில் நடந்தது!

கம்ப்யூட்டர் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. பழைய லேப்டாப் போதும். புதிதாக வாங்குவதானால் விசிறி இல்லாத சின்னப் பெட்டியாகப் பாருங்கள். ஆலாபனை நடுவே விசிறி 'உர்ர்' என்றால் கச்சேரி கேட்ட மாதிரி இருக்காது. விசிறி உள்ளதானால் மாதம் ஒருமுறை நம்ம ஊர்ப் புழுதியைத் துடையுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளில் சி.இ.சி. என்ற வசதி இரண்டு பக்கமும் இருந்தால் டி.வி. ரிமோட்டே போதும், ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது இருக்காது, கேட்டு வாங்குங்கள். தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோடியின் அமைப்பில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

இரண்டு பிரதி அவசியம். பெண்ணோ பிள்ளையோ வேறு ஊரில் இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே போகட்டும். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் ஒன்று வைத்த மாதிரிதான்.

சென்ற நவராத்திரியில் எங்கள் கூடத்தில் 1988-ம் வருஷத்துக் கல்யாணம் ஒன்றைப் போட்டோம். 84 வயது அம்மா, "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முகமாகக் காட்டி, யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டான். ஒரு மணி நேர டேப்புக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. இது அவரவர் கையில் அவரவர் போனில் நடக்கிற காரியம் இல்லை. பெரிய திரை வேண்டும், எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். அந்த முகங்களில் பாதிப் பேரை எனக்கே தெரியவில்லை. அம்மாவுக்குப் பிறகு யாரைக் கேட்பது?

அதனால் கேஸட்டை ஏற்றிய கையோடு பெயரும் வையுங்கள்: "1988, அத்தை கல்யாணம், நலங்கு" என்பது போல. 'நியூ வீடியோ 7' என்று இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள்.

வேறு ஊர் உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் எத்தனை கேஸட், என்ன விசேஷம், எந்த வருஷம், வி.சி.ஆர். ஓடுகிறதா என்று ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். பட்டியல் கையில் இருந்தால், ஓடுகிற வி.சி.ஆரை யார் வீட்டுக்கு முதலில் அனுப்புவது என்று அங்கேயே தீர்மானிக்கலாம். எண்பது தாண்டியவர்கள் இருக்கிற வீடு முதலில்.