சிறைவாயில் செல்லுமுன்



உடுமலைப்பேட்டையினின்று கோவை நடுவண் சிறைக்குப் பொள்ளாச்சி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விடியலில் பேருந்து ஏறினால் முற்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால், மகன் சிறைப்பட்ட ஒரு தாய்க்கு அவ்வழி அத்துணை எளிதன்று. நூற்பாலையில் ஒருநாட் கூலியை இழக்கின்றாள். தெரு விழிக்குமுன் வீட்டைப் பூட்டுகின்றாள். பேருந்து நிலையத்தில் ஒதுங்கி நிற்கின்றாள். "எங்கே புறப்பட்டீர்கள், அக்கா?" என்று கேட்பாரிடம் "மருத்துவமனைக்கு" என்று பொய்யுரைக்கின்றாள்.

குற்றம் செய்தவள் அவளா? மகனே செய்தான் என்று எந்த மன்றமேனும் இன்னும் கூறிற்றா? இந்தியச் சிறைகளில் அடைபட்டிருப்போருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வழங்கப்படாதவர். வழக்கு முடியக் காத்துக் கிடப்பவர். மன்றம் தீர்ப்புக் கூறுமுன் ஊர் தீர்ப்புக் கூறிவிடுகின்றது. அத்தண்டத்தை அவன் தாய் சுமக்கின்றாள்.

கோவைச் சிறையின் வாயில் தமிழர்க்குப் புதியதன்று. வெள்ளையனுக்கு எதிராகக் கப்பல் ஓட்டிய சிதம்பரனார்க்கு 1908 சூலை 7-ஆம் நாள் 40 ஆண்டுத் தண்டம் விதிக்கப்பட்டது. அதைக் கேட்ட அதிர்ச்சியில் அவர்தம் தம்பி மீனாட்சிசுந்தரம் அறிவு கலங்கினார். ஒருவரைப் பூட்டிய பூட்டு ஒரு குடும்பத்தையே பூட்டிற்று! இக்கோவைச் சிறையில்தான் அப்பெருமகனார் மாடுபோற் செக்கிழுத்தார். மேன்முறையீட்டில் தண்டம் குறைந்து, 1912 திசம்பர் 24-ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையினின்று அவர் வெளிவந்தபோது வரவேற்க வந்தவர் மிகச் சிலரே. அவரைச் சிறையில் அடைத்தவன் வெள்ளையன், மறந்தவர் யார்?

மறவாத ஒரு தாயையும் இத்தமிழ்நிலம் கண்டிருக்கின்றது. 1991 சூன் 11-ஆம் நாள், இராசீவ் காந்தி கொலை வழக்கில் 19 அகவை இளைஞர் பேரறிவாளன் பிடிக்கப்பட்டார். 1998-இல் தூக்குத்தண்டம் விதிக்கப்பட்டது. 2011 செபுதம்பர் 9 அவரைத் தூக்கிலிடும் நாளென்று குறிக்கவும்பட்டது. சோலையார்பேட்டை அற்புதம் அம்மையார் வேலூர்க்கும் புழலுக்கும் நடையாய் நடந்தார். கம்பிக்கு இப்புறம் நின்று மகனுக்கு உரமூட்டினார். அப்புறம் திரும்பி மன்றங்களின் கதவைத் தட்டினார். 2014-இல் தூக்கு நீங்கிற்று. 2022 மே 18-ஆம் நாள் உச்ச வழக்குமன்றம் விடுதலை வழங்கிற்று. அந்த 31 ஆண்டுகளில் அத்தாய் ஒருநாளேனும் சோர்ந்து வீட்டில் அமர்ந்திருப்பின், அம்மகனுக்கு யார் துணை?

சிறைக்காணல் அரசு இடும் இரவலன்று, உரிமை! உறவினர் வருகை சிறைத்தனிமைக்கு ஆறுதல் என்பதைச் சுனில் பத்ரா வழக்கில் 1979-இல் உச்ச வழக்குமன்றம் வலியுறுத்திற்று. தடுப்புக்காவலில் உள்ளாரைத் திங்களுக்கு ஒருமுறையே குடும்பத்தார் காணலாம் என்றிருந்த தில்லி நெறிமுறையை, பிரான்சிசு கொராலி முல்லின் வழக்கில் 1981-இல் அம்மன்றமே செல்லாதென்றது. உயிர்வாழும் உரிமை என்பது உறவைக் காணும் உரிமையையும் உள்ளடக்கியதென்று அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று.

உரிமையாயினும் ஒழுங்கு வேண்டும். முன்னேற்பாடின்றிச் சென்று, நாள் தவறிற்றென்று கண்ணீரோடு திரும்புவார் பலர். எனவே, காணல் நாள் எது, நேரம் எது என்பதை முதலில் உசாவியறிதல் வேண்டும். தீர்ப்புப் பெற்றார்க்கு ஒரு முறை, பெறாதார்க்கு ஒரு முறை, தடுப்புக்காவலார்க்கு ஒரு முறை என நெறிகள் வேறுபடும். செல்வார் ஒவ்வொருவரும் தத்தம் அடையாள அட்டையைக் கொண்டு செல்க. எப்பொருளுக்கு இசைவுண்டு என்று கேட்டறிந்த பின்னரே எதனையும் வாங்குக. அரைவயிற்றுக் கூலியில் வாங்கிய தின்பண்டம் வாயிலிலேயே திருப்பப்படுதல் பெருந்துயர்.

காணுங்காலம் சிறிது. அழுகையிலேயே அது கழிந்துவிடலாகாது. வழக்கு எண், அடுத்து மன்றம் செல்லும் நாள், பிணை முயற்சியின் நிலை, அவனுடைய உடல்நலம், வேண்டும் மருந்து ஆகியவற்றை முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்து மனத்திற் பதித்துக்கொள்க. நடந்த நிகழ்ச்சியைப் பற்றி அங்கே பேசவேண்டா. அது வழக்கறிஞரிடம் தனியே சொல்லத்தக்கது. வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையென்று கலங்கவும் வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறையிலிருப்பார் யாவர்க்கும், பெண்டிர் யாவர்க்கும், சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100.

இவையெல்லாம் தாயின் கடமை. ஊரின் கடமை யாது? அன்று அவள் இளைய பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறிடுக. படிக்கத் தெரியாதவளுக்கு அத்தாளை எழுதித் தருக. வழிச்செலவுக்கு இல்லாதவளுக்குக் கைகொடுக்க. தனியே செல்ல அஞ்சுபவளோடு ஒருவர் உடன் செல்க. யாதும் இயலாதார், "எங்கே போகிறாய்?" என்று குத்திக் கேளாமலேனும் இருக்க!

குற்றத்தை எடைபோட மன்றம் உண்டு. தாயை எடைபோட எவர்க்கும் உரிமை இல்லை. அடுத்த முறை அவள் விடியலில் ஒதுங்கி நிற்க வேண்டா. பட்டப்பகலில், "மகனைக் காணப் போகின்றேன்" என்று தலைநிமிர்ந்து சொல்லி, அவள் பேருந்து ஏறுக! அவ்வாறு அவள் சொல்லத்தக்க ஊராக உடுமலை ஆகுக!