ஊருக்கேற்ற கால்



பொருளைச் செய்பவர் ஒருவர். அதனைப் பயன்படுத்துபவர் வேறொருவர். இவ்விருவரும் கலந்து பேசாவிடில் என்ன நேரும், பேசினால் என்ன விளையும் என்பதற்குச் சான்றாக, இராஜஸ்தானத்தின் தலைநகராகிய ஜெய்ப்பூரில் நடந்த ஒரு செய்தியை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1960-களில் அந்நகரத்துச் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றியவர் பி. கே. சேத்தி. அங்கே காலிழந்தோர்க்கு மேனாட்டு முறையில் அமைந்த செயற்கைக் கால் பொருத்தி, நடை பழக்கி அனுப்பினர். ஆயினும் சின்னாட்களில் அவர்களுள் பலர் பழையபடி ஊன்றுகோலோடு திரும்பி வந்தனர். கொடுத்த கால் எங்கே? வீட்டு மூலையில் கிடந்தது!

'அறியாமையால் கழற்றிவிட்டனர்' என்று சொல்லி அமைவது எளிது. சேத்தி அவ்வாறு அமையவில்லை. காரணத்தை அவர்களிடமே கேட்டார். அந்தக் காலுக்குக் கணுக்கால் அசையாது. ஆகவே குந்தியிருக்க முடியாது. சம்மணமிட்டுத் தரையில் அமர்ந்து வீட்டாரோடு உண்ணவும் முடியாது. சப்பாத்து அணிந்தால்தான் அதனைக் கொண்டு நடக்கலாம். நீர் நிற்கும் வயலில் சப்பாத்தோடு இறங்கும் உழவன் உண்டா? கோயிலுக்குள்தான் அதனோடு புகலாகுமோ? நாற்காலியில் அமர்ந்து வாழ்வோருக்கெனப் பிறந்த கால் அது. காலில் பழுதில்லை, அது வந்து சேர்ந்த இடந்தான் வேறு.

இக்குறையைத் தீர்க்கத் துணைநின்றவர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாதவர். மருத்துவமனையில் தொழுநோயாளர்க்குக் கைத்தொழில் கற்பிக்க வந்தவர். தேய்ந்த லாரி டயருக்குப் புதிய ரப்பர் இட்டுச் சூடேற்றி ஒட்டுவதைக் கண்டபோது அவருக்கு வழி புலப்பட்டது என்பர். முழுதும் ரப்பரால் செய்த கால் கனத்தது. பின்னர் குதிகாலுக்கும் முன்பாதத்திற்கும் பஞ்சு ரப்பர், கணுக்காலுக்கு மரம், மேலே தோலின் நிறங்கொண்ட உறுதியான ரப்பர் என அமைத்தனர். எலும்பின் அசைவை மருத்துவர் அறிவார். பொருளின் குணத்தைக் கைவினைஞர் அறிவார். குந்தும்போது எங்கே இடர்ப்படுகிறது என்பதை அணிந்தவர் மட்டுமே அறிவார். இம்மூவர் அறிவும் கூடி 1968-ஆம் ஆண்டளவில் 'ஜெய்ப்பூர்க் கால்' உருப்பெற்றது. வெறுங்காலாகவே அதனைக் கொண்டு சேற்றில் இறங்கலாம், மரம் ஏறலாம்.

'மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு' என்று இம்முறையை இன்று கல்லூரிகளில் பாடமாகப் பயில்கின்றனர். அப்பெயரை அறியாமலே அந்தப் பட்டறையில் அது நடந்தது.

1981-இல் திருச்சிராப்பள்ளியருகே பேருந்து விபத்துக்குள்ளாகிக் காலிழந்த நடனமணி சுதா சந்திரன், 1984-இல் ஜெய்ப்பூர்க் காலோடு மீண்டும் மேடையேறியதைப் பலரும் அறிவர். வியப்பிற்குரியதே. எனினும் மீண்டும் வயலில் இறங்கிய உழவனின் நடை எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுகிறது. அவனுக்கு அது உணவல்லவா?

1981-ஆம் ஆண்டு மக்சேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. தகுதியானதே; ஆனால் இராம் சந்திரரின் பெயரும் அதில் இணைந்திருக்கலாம்.

அக்காலுக்குக் காப்புரிமை பெறப்படவில்லை, எவரும் செய்துகொள்ளலாம். ஆகவே அது கடல் கடந்தும் சென்றது. கண்ணிவெடியால் பல்லாயிரவர் காலிழந்த ஆப்கானிஸ்தானத்திலும் கம்போடியாவிலும் அதனைப் பொருத்தினர். அங்குள்ள சிற்றூர்களிலும் மக்கள் தரையில் அமர்ந்தே உண்பர்.